ஞானமணி டீச்சர் போட்ட சுண்ணாம்புக் கோடு

ஞானமணி டீச்சர் என்னைய மொத வாரமே அழ வச்சுட்டாங்க. அதுலேருந்துதான் ஆரம்பிக்கணும். எங்க நெடுங்கரைப்பட்டிப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்குறவ நான், பேரு செவந்தி. என் கைப்பக்குவத்த ஊரே மெச்சும். புதுசா வந்த டீச்சரு அடுப்படியில வந்து நின்னு, சோத்தைப் பாக்கல, கொழம்பைப் பாக்கல, "அக்கா, கையக் காட்டுங்க"ன்னாங்க. ரேகை பாக்கப் போறாங்கன்னு நெனச்சு நானும் ரெண்டு கையையும் நீட்டுனேன். பாத்தாங்க, பையிலேருந்து பிளேடை எடுத்தாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அம்புட்டும் வேடிக்கை பாக்க என் பத்து நகத்தையும் வெட்டிவிட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு ஊருக்கே தெரியும். அன்னிக்குக் கோவத்துக்குப் பதிலா அழுகை வந்து மானத்தை வாங்கிருச்சு.

அவங்களுக்கு அப்ப இருபத்தி நாலு வயசு. ஆவூர்ப் பக்கத்து வேதக்காரப் பொண்ணு. ஆளு ஒல்லி, குரலு மட்டும் கண்மாய்க்கு அங்கிட்டு மாடு மேய்க்கிறவனுக்கும் கேக்கும். மந்தையோரத்துல ஒத்தை அறை வீட்டுல தனியாத் தங்கியிருந்தாங்க. சனிக்கிழமை மத்தியானம் கறுப்புக் கொடையத் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடந்து குன்றாண்டார்கோவில்ல பஸ் ஏறுவாங்க. ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசைய முடிச்சுட்டு, திங்கக்கிழமை மணி அடிக்கிறதுக்குள்ள வந்து நிப்பாங்க. பதினோரு வருஷம் எங்க ஊர்ல இருந்தாங்க. பெறகு மீமிசல் பக்கம் மாத்திட்டாங்க. அந்தப் பதினோரு வருஷத்துல நான் அவங்ககூடப் பேசாம மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்ச நாளையெல்லாம் கூட்டுனா தாராளமா ஒரு வருஷம் தேறும்.

எச்சின்னா அவங்களுக்கு ஆகாது. நம்ம பிள்ளைக சிலேட்டை எப்படி அழிக்கும்? த்தூன்னு துப்பி, முழங்கையால ஒரு இழுப்பு. அத மொதல்ல நிறுத்துனாங்க. ஆளுக்கு நாலு கோவை எலை பறிச்சுக்கிட்டு வரணும், அத வச்சுத்தான் அழிக்கணும். எலை இல்லாம வந்தா அன்னிக்குப் பூராம் வாய்ப்பாடுதான், எழுத்து கெடையாது. ஊரு வேலியில இருந்த கோவைக் கொடியெல்லாம் ஒரே மாசத்துல மொட்டையாப் போச்சு. ஒருத்தன் கடிச்ச சிலேட்டுக் குச்சிய இன்னொருத்தன் வாங்கி எழுதக் கூடாது. ஒரே செம்புல வாய் வச்சு ரெண்டு பேரு தண்ணி குடிக்கக் கூடாது. இது என்னடா பள்ளிக்கூடமா ஆஸ்பத்திரியான்னு ஆம்பளைக கேலி பேசுவாங்க. நானும் பேசியிருக்கேன், பொய் சொல்லல.

ஆனா அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு லேசுல கெடைக்கல. புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்தப்பவே மனுப் போட்டோம். சமஸ்தானமே போயிருச்சு, பள்ளிக்கூடம் வரல. பெறகு சர்க்காருக்கு மறுபடியும் மனு, மறுபடியும் நடை. அம்பத்தாறுலதான் ஒரு கூரைக் கொட்டகையும் ஒத்தை டீச்சரும் குடுத்தாங்க. குடுக்கும்போதே ஒரு கொக்கியையும் மாட்டிவிட்டாங்க. காலையிலயும் மத்தியானத்துலயும் இருபது பிள்ளைக்குக் கொறையாம இருக்கணும், கொறைஞ்சா கண்மாய்க்கு அக்கரையில இருக்கிற மாங்களத்துக்குப் பள்ளிக்கூடத்தை மாத்திருவோம்னு. மாங்களத்துக்காரங்களும் எங்களை மாதிரியே மனுப் போட்டு வச்சிருந்தாங்க. பள்ளிக்கூடத்துல மொத்தம் முப்பத்தி நாலு பிள்ளைக. அதுல ஒண்ணு என் மகள் முத்தாள், ரெண்டாங் கிளாஸு. அவளுக்குப் பனி வந்தா இழுப்பு வந்துரும், மூச்சு விட முடியாம விடிய விடிய உக்காந்தே கெடப்பா. என் வம்சத்துல பேனாவத் தொடப் போற மொத ஆளு அவதான். மாங்களத்துக்குக் கண்மாயைச் சுத்திக்கிட்டு அந்த நெஞ்ச வச்சுக்கிட்டு அவளால நடக்க முடியாது. பள்ளிக்கூடம் ஊரை விட்டுப் போனா அவ படிப்பும் போச்சு, அம்புட்டுத்தான்.

அம்பத்தேழு ஆனி மாசத்துல அந்தக் காய்ச்சல் வந்துச்சு. பஞ்சாயத்து ரேடியோவுல இன்புளூயன்சான்னு என்னமோ சொன்னான். எங்க வாயில அது நொழையல. கப்பல்ல ஏறி மெட்ராஸுக்கு வந்த காய்ச்சலாம், அதனால கப்பக் காய்ச்சல்னே பேரு வச்சுட்டோம். ஒலகம் பூராம் சுத்துதாம். எங்க ஊருக்கு ஒழுங்கா ஒரு பஸ் வர வழியில்ல, காய்ச்சல் எங்கிட்டுக்கூடி வரும்னு நாங்க தெம்பா இருந்தோம். அது வாரச் சந்தை வழியா வந்துச்சு. சுத்துப்பட்டு ஊர்கள்ல வீடு வீடா படுத்துட்டாங்க. மாங்களத்துல வயசாளிக ரெண்டு பேரு தவறிப்போனாங்க. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ரெண்டு, பிள்ளைக வராததால பூட்டிக் கெடந்துச்சு.

டீச்சரு பூட்ட மாட்டேன்னு நின்னாங்க. அதுக்காக பிள்ளைகளை வாரிப் போட்டு ஒரே கொட்டகையில அடைக்கவும் இல்ல. வகுப்பை வெளிய புங்க மரத்தடிக்குக் கொண்டாந்தாங்க. ஒரு சட்டி சுண்ணாம்பைக் கரைச்சு, பள்ளிக்கூடத்தையும் மரத்தையும் சேத்துச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு போட்டாங்க. வெளி ஆளு யாரா இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு உள்ள வரக் கூடாது. உள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்கு, ஒரு சாக்குக்கும் இன்னொரு சாக்குக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கலாம், அம்புட்டு எடம். முப்பத்தி நாலையும் அப்படி உக்கார வைக்க நெழல் பத்தல. அதனால பாதிப் பிள்ளைக காலையில, பாதிப் பிள்ளைக மத்தியானம்னு பிரிச்சாங்க. இப்படிச் செய்யப் போறேன், அனுமதி குடுங்கன்னு ஆபீஸுக்குக் கடுதாசியும் போட்டாங்க. அதுக்குப் பதில் இன்னிக்கு வரைக்கும் வரல.

யாருக்காவது ஒடம்பு கணகணன்னா வீட்டுலயே இருந்துறணும். டீச்சரே அந்த வீட்டு வாசலுக்கு எதிர்ல, தெருவுல கொடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாடம் சொல்லுவாங்க. உள்ள படுத்துக்கிட்டே பிள்ளை ஒப்பிக்கும். எனக்கும் ஒரு துண்டைக் குடுத்து மூக்கு வாயி எல்லாத்தையும் கட்டிக்கிட்டுச் சமைக்கச் சொன்னாங்க. உப்புப் பாக்க முடியாம மூணு நாள் சோறு ஒண்ணு உப்புக் கடலாப் போச்சு, இல்லைன்னா சப்புன்னு இருந்துச்சு. பிள்ளைக மொகத்தைச் சுளிச்சுச்சு. பேர் கெட்டுப் போனது எனக்குத்தான், அவங்களுக்கு என்ன.

இம்புட்டுச் செஞ்சும் ஊருக்காரங்க அடங்கணும்ல? வெள்ளிக்கிழமையானா சந்தைக்குக் கெளம்பிருவாங்க. காது குத்து, சடங்கு, எழவு வீட்டுத் துட்டி, எல்லாத்துக்கும் போகணும். டீச்சரு ஒவ்வொரு வீடாப் போயி, ரெண்டு வாரத்துக்கு யாரும் வெளிய போகாதீங்க, யாரையும் வரவிடாதீங்கன்னு கெஞ்சுனாங்க. எல்லாரும் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்னு தலைய ஆட்டிட்டு மறுநாள் வண்டியக் கட்டுனாங்க. அந்த வாரம் மூணு பிள்ளைக படுத்துச்சு. டீச்சரு என் அடுப்புக்கு முன்னாடி வந்து உக்காந்து, மொத தடவையா ஒண்ணும் குத்தம் சொல்லாம சும்மா இருந்தாங்க. எனக்கு அதுதான் பயத்தைக் குடுத்துச்சு. இவங்களே ஓஞ்சு போயிட்டா யாரு பாக்குறது?

பேச்சு வாக்குல நான்தான் சொன்னேன். அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தா இந்நேரம் ஒரு பயலும் எல்லைக் கல்லைத் தாண்டியிருக்க மாட்டான், காய்ச்சலுக்குப் பயந்து திருவிழாவத் தள்ளி வச்சதுதான் தப்பாப் போச்சுன்னேன். காப்புன்னா என்னன்னு கேட்டாங்க. பூசாரி மஞ்சக் கயித்தை அம்மனுக்குக் கட்டிட்டா, பெறகு ஊர்ல இருக்கிறவங்க எட்டு நாளைக்கு வெளியூர் போகக் கூடாது, வெளியூர்க்காரங்க உள்ள வரக் கூடாது, கட்டுற நேரத்துல உள்ள இருக்கிற விருந்தாளிகூட அவுக்கிற வரைக்கும் உள்ளதான் கெடக்கணும்னு சொன்னேன். நான் சொல்லி முடிக்கல, கொடையக்கூட எடுக்காம எந்திரிச்சு ஓடுனாங்க. நானும் துண்டோட பின்னாடியே ஓடுனேன்.

பூசாரி ஆண்டியப்பன் கோயில் வாசல்ல உக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தாரு. டீச்சரு வாசலுக்கு இங்கிட்டே நின்னாங்க.

"பூசாரியய்யா, இந்த வாரமே காப்புக் கட்டிருங்க. எட்டு நாள் பத்தாது, பதினஞ்சு நாள் வேணும்."

அவருக்குச் சிரிக்கிறதா கோவப்படுறதான்னு தெரியல. உங்க சாமி வேற, எங்க ஆத்தாளுக்குக் காப்பு எப்பக் கட்டணும்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டாரு.

"ஒங்க ஊர்க்காரங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்குறாங்க. ஒங்க ஆத்தா பேச்சைக் கேப்பாங்க. யாரு சொன்னா என்னங்க, பிள்ளைக நல்லா இருந்தாச் சரி"ன்னாங்க டீச்சர்.

ஆண்டியப்பன் கயித்தைக் கீழ வச்சாரு. பூப் போட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்னாரு. வெள்ளைப் பூவ ஒரு பொட்டலம், செவப்புப் பூவ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில போட்டு, ஒரு பிள்ளைய விட்டு எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தா உத்தரவு. மறுநாள் காலையில ஊரு கூடுச்சு, வெள்ளைதான் வந்துச்சு. பதினஞ்சு நாள் காப்பு, செவ்வாக்கிழமை உச்சிப் பொழுதுல கட்டுறதுன்னு முடிவாச்சு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவையே வச்சுக் கட்டியிருப்பாரோன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு சந்தேகம். அவரு மகளும் மூணாங் கிளாஸுல படிச்சுச்சு. ரெண்டு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக முடியாதே டீச்சர், பரவாயில்லையான்னு கேட்டேன். ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னா கேப்பாரு, அவரு என்ன நம்ம ஆபீஸான்னாங்க.

செவ்வாக்கிழமையும் வந்துச்சு. காப்புக் கட்ட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். எல்லைப் பக்கமா ஒரு சைக்கிளு வந்துச்சு. டிப்டி இன்ஸ்பெக்டர் ராமசுப்பிரமணியன். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அவருதான் அதிகாரி. திருமயம் பக்கத்து ஆளு, சட்டை மடிப்புக் கலையாத மனுசன். பையக் கேரியர்ல கட்டியிருந்தாரு. எறங்குன ஒடனே ரெண்டு தடவை இருமுனாரு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டீச்சரு விறுவிறுன்னு கோட்டுக்கிட்ட வந்து நின்னுட்டாங்க.

"ஐயா, அங்கேயே நில்லுங்க. கோட்டைத் தாண்டாதீங்க."

அவரு தன் காதையே நம்பல. பின்னாடி வேற யாரும் நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்தாரு. நான் யாருன்னு தெரியுதாம்மான்னு கேட்டாரு. தெரியுதுங்க ஐயா, நேத்து எந்தெந்த ஊருக்குப் போனீங்கன்னு டீச்சரு கேட்டாங்க. மூணு ஊரச் சொன்னாரு. மூணுலயும் காய்ச்சல் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அப்ப நீங்க உள்ள வர முடியாதுங்க, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லி, ஒரு நாற்காலியக் கோட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியில போடச் சொன்னாங்க. போட்டது நான்தான். அதிகாரிய வெளிய உக்கார வச்ச பள்ளிக்கூடம் உருப்படுமான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒதறல்.

அவரு மொகம் செவந்து போச்சு. ரிஜிஸ்டரக் கேட்டாரு. டீச்சரு அதக் கோட்டு மேல வச்சுட்டுப் பத்து எட்டு எடுத்து வச்சுப் பின்னாடி போயி நின்னாங்க. எடுத்துப் பாத்தாரு, எட்டத்துலேருந்தே பிள்ளைகளை எண்ணுனாரு. பதினாறு. மீதிப் பேரு மத்தியானம் வருவாங்கய்யா, இப்படி இப்படின்னு டீச்சரு வெளக்குனாங்க. காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்னு காட்டுறதுக்கு இது சினிமாக் கொட்டகையா, ரூல்படி ரெண்டு நேரமும் அதே இருபது பிள்ளை இருக்கணும்னாரு. நாற்காலியில உக்காந்து மடியில பைய வச்சு ரிப்போர்ட்டு எழுதுனாரு. எழுதுனதை வாய்விட்டே படிச்சாரு, நாங்க கேக்கணும்னு. பதினாறு பேர்தான் ஆஜர், ஆசிரியை மேலதிகாரிய மதிக்கல, பள்ளிக்கூடத்தை மாங்களத்துக்கு மாத்தலாம். குன்றாண்டார்கோவில்ல மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சு மறுநாளே ஆபீஸ்ல சேத்துருவேன்னாரு.

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. ஆனா வெயில்ல வந்த மனுசன், சோறு போடாம அனுப்ப முடியுமா? எலையில சோத்தைப் போட்டுக் கோட்டோரமா வச்சுட்டுத் தள்ளி நின்னேன். மொதல்ல வேணாம்னாரு. பெறகு கொழம்பு வாசனை அவரை இழுத்துருச்சு. ரெண்டாவது வாட்டிச் சோத்தை மெதுவாத்தான் கொண்டு போனேன். மோரை அதவிட மெதுவாக் கொண்டு போனேன். ஏன்னு கேட்டா அன்னிக்கு எனக்குக் காலு வலின்னுதான் இப்பவும் சொல்லுவேன். அவரு கை கழுவுறதுக்குள்ள கோயில்ல தப்பு முழங்கிருச்சு. காப்புக் கட்டியாச்சு.

பூசாரி மஞ்சக் கயித்துக் கட்டோட ஊரச் சுத்தி வந்தாரு. டிப்டி ஐயாவுக்கு வெவரத்தைச் சொன்னாரு. பதினஞ்சு நாளைக்கு எல்லைய யாரும் தாண்டக் கூடாது, கைய நீட்டுங்கய்யான்னாரு. ஐயா கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, நான் சர்க்காரு ஆளு, எனக்கு இதெல்லாம் கெடையாதுன்னாரு. ஆண்டியப்பன் அவரு கைய விட்டுட்டு அவரு சைக்கிள் ஹேண்டில்பார்ல காப்பைக் கட்டிட்டாரு. ஐயா தாராளமாப் போகலாம், சைக்கிளு மட்டும் ஊரைத் தாண்டாதுன்னாரு.

அவரு அந்த மஞ்சக் கயித்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஒரு இழுப்பு இழுத்தா அந்து போற கயிறு. கைய ரெண்டு தடவை கிட்டக் கொண்டு போனாரு. என்னதான் சர்க்காரு ஆளா இருந்தாலும் அவரு ஊர்லயும் ஒரு அம்மன் இருக்கும்ல, தொட மனசு வரல. சைக்கிளை விட்டுட்டுப் பையத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தாரு. யாரும் மறிக்கல. எல்லைக் கல்லு வரைக்கும் போனாரு. அங்க போயி கல்லு மேல கைய வச்சு, அப்படியே உக்காந்துட்டாரு. கிட்ட நின்னவங்களுக்கு அவரு பல்லு கிட்டிக்கிற சத்தம் கேட்டுச்சாம். காய்ச்சல் அவரோடயே சைக்கிள்ல வந்திருக்கு.

அம்மன் சப்பரம் நிக்கிற கொட்டகை பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல, கோட்டுக்கு வெளிய இருந்துச்சு. சப்பரத்தை நகத்தி அவருக்குக் கயித்துக் கட்டிலு போட்டோம். நாலு நாளு அனத்துனாரு. நான் கஞ்சிக் கலயத்தைக் கொட்டகை வாசல்ல வச்சு, அகப்பையால தட்டிட்டு ஓடிருவேன். டீச்சரு துணியக் கட்டிக்கிட்டு எட்டத்துல நின்னு, இத்தனை தடவை தண்ணி குடிங்க, நெத்தியில ஈரத்துணி போடுங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரியே அதட்டுவாங்க. மூணாம் நாளு அவருக்குக் காய்ச்சல் ஏறிப்போச்சு. அன்னிக்கு என் புத்தியில ஒண்ணு ஓடுச்சு. இந்த ஆளுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அந்த ரிப்போர்ட்டு போகாதேன்னு. சீ, எம்புட்டு கேவலமான புத்தின்னு அங்கேயே கன்னத்துல போட்டுக்கிட்டேன். அன்னிக்கு அவருக்கு வச்ச கஞ்சியில ரெண்டு கரண்டி நெய்ய ஊத்துனேன், அம்மன் மன்னிக்கட்டும்னு.

ஆனா ரிப்போர்ட்டை விடலாமா? பை கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. அவரு அசந்து தூங்கும்போது எடுத்து அடுப்புல போட்டுர்றேன், ஒரு வேளை சோறு வேகும்னு டீச்சர்கிட்டச் சொன்னேன்.

"அதுல பொய் எழுதலைக்கா. அன்னிக்குப் பதினாறு பிள்ளைகதான் இருந்துச்சு"ன்னாங்க.

இப்படி ஒரு பொம்பளையோட எப்படி வேலை செய்யிறது, சொல்லுங்க. ரெண்டு நாளு நான் அவங்ககூடப் பேசல.

காய்ச்சல் விட்டதும் டிப்டி ஐயாவுக்கு வேற வியாதி வந்துச்சு. சும்மா இருக்க முடியல. எதிர்ல மரத்தடியில பிள்ளைக வாய்ப்பாடு சொல்லும், இவரு கொட்டகையிலேருந்து தப்பு தப்புன்னு கத்துவாரு. ஏழெட்டு அம்பத்தாறு, அம்பத்தி நாலு இல்லன்னு கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துருவாரு. டீச்சரு அஞ்சு நாளு பொறுத்துப் பாத்தாங்க. காய்ச்சல் திரும்பலைன்னு தெரிஞ்சதும், கொட்டகையிலேருந்து காலால இருபது எட்டு அளந்து, தன் கோட்டுக்குள்ளயே இன்னொரு வரிசை சாக்கு போட்டாங்க. அங்க வேப்ப மரத்து நெழலு விழும். ஐயா சும்மாத்தான இருக்கீங்க, ஒரு கூட்டத்தை நீங்க பாருங்க, ஒரு கூட்டத்தை நான் பாக்குறேன், ரெண்டு நேரமும் எல்லாப் பிள்ளையும் வரலாம்னாங்க. மேலதிகாரிக்கு வேலை குடுத்த டீச்சரு ஜில்லாவுலயே இவங்க ஒருத்தங்கதான் இருப்பாங்க.

அவரு வெக்கப்பட்டுக்கிட்டே ஆரம்பிச்சாரு. ரெண்டாம் நாளு கொட்டகை ஓரத்துக்கே வந்து நின்னு, கையக் காலை ஆட்டிக் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. இருபது எட்டுக்குக் கேக்கணும்ல, தொண்டை கட்டிப்போச்சு. பிள்ளைகளும் இருபது எட்டுக்குக் கேக்குற மாதிரி கத்திப் படிக்கணும். ஒரு நாளு என் முத்தாளை எழுப்பிவிட்டுப் புஸ்தகத்துல ஒரு பாடத்தைப் படிக்கச் சொன்னாரு. இழுப்பு இல்லாம, நிறுத்தாம, கடைசி வரி வரைக்கும் என் மகள் படிச்சுச்சு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அன்னிக்குச் சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

அந்தப் பதினஞ்சு நாள்ல ஊர்ல புதுசா ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வரல. படுத்த மூணும் எந்திரிச்சு வந்துருச்சு. பதினஞ்சாம் நாளு காலையில ஆபீஸ்லேருந்து ஒரு பியூன் எல்லைக் கல்லுக்கு அங்கிட்டு வந்து நின்னு, ஐயாவத் தேடிக் கத்துனான். ஐயா இங்கிட்டு நின்னு பதில் குடுத்தாரு. மாங்களத்துல நாப்பது வீட்டுல படுத்துட்டாங்கன்னான். பெறகு அவரு அந்தத் திங்கக்கிழமை போயிட்டு வந்த மூணு ஊரையும் சொன்னான். அவரு வந்துட்டுப் போன ரெண்டு மூணு நாள்ல மூணு பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைக வரிசையாப் படுத்துருச்சு, உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆனா மூணையும் பூட்டியாச்சுன்னான். ஐயா திரும்பி வரும்போது எங்களைப் பாத்து, மூணு பள்ளிக்கூடத்துலயும் உள்ள போயி பிள்ளைக பக்கத்துல உக்காந்து சிலேட்டை வாங்கிப் பாத்தேன்னு சொன்னாரு. அந்த மொகத்தைப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு.

உச்சிப் பொழுதுல காப்பு அவுத்தாங்க. சைக்கிள்ல இருந்ததையும் பூசாரி பக்குவமா அவுத்து ஊருணியில விட்டாரு. டீச்சரு சுண்ணாம்புக் கோட்டைக் காலால ஒரு எடத்துல அழிச்சு, உள்ள நாற்காலியப் போட்டு, இப்ப வாங்கய்யா, நல்லாப் பாத்துட்டுப் போங்கன்னு கூப்புட்டாங்க. முப்பத்தி நாலு பிள்ளைகளும் எந்திரிச்சு நின்னுச்சு. அவரு வரல. கோட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே விசிட் புக்கைக் கேட்டாரு. அதிகாரிக பள்ளிக்கூடம் பாத்துட்டு எழுதிட்டுப் போற நோட்டு அது. சைக்கிள் சீட்டு மேல வச்சு எழுதுனாரு. பெறகு பையத் தொறந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்தாரு. கிழிக்கப் போறாருன்னு நான் நெனச்சேன். கிழிக்கல.

"இதையும் அனுப்பத்தான் செய்வேன். எண்ணிக்கை உண்மை. இப்ப எழுதுனதோட நகலையும் சேத்து அனுப்புவேன். அதுவும் உண்மை"ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிட்டாரு.

எனக்கு உசுரே இல்ல. நோட்டை டீச்சரு கையில குடுத்து, என்ன எழுதியிருக்கு, பள்ளிக்கூடம் இருக்கா போச்சா, சொல்லுங்கன்னு ஒலுக்குனேன். அவங்க பாத்தாங்க, மறுபடியும் பாத்தாங்க, கண்ணுல தண்ணி கொட்டுது, வாயிலேருந்து ஒரு வார்த்தை வரல. கண்மாய்க்கு அங்கிட்டுக் கேக்குற அந்தக் குரலு எங்க போச்சோ. பொறுக்க மாட்டாம நோட்டைப் பிடுங்கி என் மகள் கையில குடுத்தேன். முத்தாள் வெரல வச்சு, ஒவ்வொரு எழுத்தா, இருபது எட்டுக்குக் கேக்குற மாதிரியே படிச்சா.

"இந்தப் பள்ளிக்கூடத்தைப் பதினைந்து நாள் பார்த்தேன். ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. ஆசிரியை என்னை விடவில்லை. அதனால்தான் இது திறந்திருக்கிறது. இது இங்கேயே இருக்க வேண்டும்."

இன்னொரு தடவை படிடின்னேன்.